பக்கத்து சீட்டு பிரேக்

பின்னாலிருந்து நான்கு ஆண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளியும் கார் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"மேடம், ஹேண்ட் பிரேக்கை எடுத்தீங்களா இல்லையா?" என்று கத்தினார் பின்னால் நின்ற லோடு வண்டியின் டிரைவர்.

"எடுத்தாச்சுங்க. நியூட்ரல்லதான் இருக்கு."

"அப்புறம் என்ன, வண்டி வேர் விட்டிருச்சா?"

பெட்ரோல் பங்க் வரிசையில் அன்றைக்கு யாரும் இன்ஜினைக் கிளப்பவில்லை. டேங்கில் கிடக்கிற சொச்சத்தையும் வரிசையிலேயே எரித்துவிட்டால் அப்புறம் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். அதனால் பெரிய மனிதர்கள், சின்ன மனிதர்கள் எல்லோரும் இறங்கி, ஒருவர் வண்டியை ஒருவர் தள்ளித்தான் முன்னேறினார்கள். இந்த ஒரு கார் மட்டும் சண்டித்தனம் செய்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த டீச்சருக்குச் சட்டென்று பொறி தட்டியது. குனிந்து பக்கத்து சீட்டின் அடியில் பார்த்தாள். அத்தையின் வலது கால், செருப்போடு, பிரேக்கை நசுக்கிக்கொண்டிருந்தது.

அது டிரைவிங் ஸ்கூல் கார். கற்றுக்கொள்கிறவர் காலடியில் ஒரு பிரேக், சொல்லிக்கொடுக்கிறவர் காலடியில் இன்னொரு பிரேக். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் அவளுக்கு டீச்சர் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

"அத்தை, காலை எடுங்க."

"எந்தக் காலை?"

"பிரேக்ல வச்சிருக்கிற காலை."

"வண்டி தானா நகருதே, எனக்குப் பக்குனு ஆயிருச்சு" என்று முணுமுணுத்தபடி அத்தை காலை எடுத்தாள். கார் குபுக்கென்று முன்னால் பாய, தள்ளியவர்களில் ஒருவர் தடுமாறி விழப்போனார். சிரிப்பும் வசவும் ஒன்றாகக் கேட்டன.

அத்தை என்றால் டீச்சரின் மாமியார். மருமகள் ஓட்டும் வண்டியில் எப்போதும் பின் சீட்டில்தான் உட்காருவாள், அதுவும் கண்ணை இறுக மூடிக்கொண்டு. இன்றைக்குப் பின் சீட்டு முழுக்கத் தலையணைகள். வேறு வழியில்லாமல் முன்னால் வந்து உட்கார்ந்தவளுக்குக் காலடியில் ஒரு பிரேக் கிடைத்தது பெரிய ஆறுதலாக இருந்தது போலும். வீட்டில் மட்டும் என்ன, பத்து வருஷமாக மருமகள் எதை ஆரம்பித்தாலும் முதலில் அத்தையின் கால்தான் குறுக்கே விழும்.

தலையணைகள் டீச்சரின் தங்கைக்காக. ஊருக்கு வெளியே, ஒரு மணி நேரம் போக வேண்டிய தூரத்தில், பள்ளத்தில் இருக்கும் ஒரு குடியிருப்பில் அவள் வீடு. போன வாரம் படியில் வழுக்கி விழுந்து, தொடை வரைக்கும் மாவுக்கட்டு. கையில் பால்குடி மறக்காத குழந்தை. புருஷனுக்குக் கப்பலில் வேலை. கரைக்கு வந்தால்தான் உண்டு. அந்தக் குடியிருப்புக்குப் பின்னால் மண்ணுக்கடியில் போகிற பெரிய பெட்ரோல் குழாய் எப்போது விரிசல் விட்டதோ யாருக்கும் தெரியாது. தெரிந்தபோது வாய்க்காலில் தண்ணீருக்குப் பதில் பெட்ரோல் ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனி அவசர அவசரமாகக் குழாயை மூடியது. உடனே ஊரிலிருந்த பங்க்குகள் ஒவ்வொன்றாக வறண்டன. நிலைமை கட்டுக்குள் இருப்பதாகக் கம்பெனி அறிக்கை விட்டது. அறிக்கை விடுகிறவர்களுக்கு மட்டும் வாய் வலிப்பதே இல்லை.

காலையில் தங்கை போன் செய்திருந்தாள்.

"அக்கா, வீடு வீடா வந்து கிளம்பச் சொல்றாங்க. அடுப்பு பத்த வைக்கக்கூடாதாம், சுவிட்சைத் தொடக்கூடாதாம், வண்டியைக் கிளப்பக்கூடாதாம். மேட்டுல, மெயின் ரோட்டுல பஸ் நிக்குதாம். எதிர்வீட்டு அண்ணன் என்னைத் தள்ளுவண்டியில உக்கார வச்சுத் தள்ளிட்டுப் போறேங்கிறார். போகட்டுமா?"

டீச்சர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "தள்ளுவண்டியிலயா? இந்தக் காலோடயா? கொண்டுபோய் எந்தப் பள்ளிக்கூடத்து வராந்தாவுல போடுவாங்களோ! நீ அங்கேயே இரு. பெட்ரோல் மட்டும் போட்டுக்கிட்டு ஒரே ஓட்டமா வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

"கண்டிப்பா வந்துருவேல்ல?"

"என்னைக்குடி நான் சொல்லிட்டு வராம இருந்திருக்கேன்?"

போனை வைத்துவிட்டு வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பிப் பார்த்தாள். பெட்ரோல் முள் சிவப்புக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. அவளுக்கு அந்த முள் பாஷை அத்துப்படி. முள் அங்கே நின்றால் இன்னும் இரண்டு பேருக்கு வகுப்பு எடுக்கலாம், மூன்றாவது ஆளுக்கு வண்டி நின்றுவிடும். இரண்டு வகுப்பில் கார் எவ்வளவு தூரம் போகும்? மைதானத்தைச் சுற்றி, கடைத்தெரு வரை போய்த் திரும்பும், அவ்வளவுதான். தங்கை வீட்டுக்குப் போகவே அது பற்றாது.

"இருக்கிறதை வச்சுக்கிட்டுப் போற வரைக்கும் போவோம் வா" என்றாள் அத்தை. "அங்கே போய்ச் சேர்ந்தா ஏதாவது வழி பிறக்கும்."

"உங்களுக்கு வண்டியைப் பத்தி என்ன அத்தை தெரியும்? பச்சைப் புள்ளையை வச்சுக்கிட்டு நடுரோட்டுல நிக்கிறதுக்கா?"

அப்படித்தான் இரண்டு பேரும் வரிசைக்கு வந்து சேர்ந்தார்கள்.

அந்தத் தெருவை வரிசைக்கென்றே அளவெடுத்துக் கட்டியிருப்பார்கள் போலிருந்தது. ஒரு பக்கம் கிடங்கின் உயர்ந்த மதில். மறுபக்கம் இருசக்கர வண்டிகளின் வரிசை, கைப்பிடியோடு கைப்பிடி உரசிக்கொண்டு. நடுவே கார்கள். முதலில் நாலைந்து முறை தள்ளித் தள்ளி முன்னேறினார்கள். பிறகு பங்க் பையன்கள் கயிறு கட்டி, 'பெட்ரோல் இல்லை' என்று அட்டை மாட்டினார்கள். டேங்கர் வருகிறது, பாதி வழியில் இருக்கிறது என்றும் சொன்னார்கள். அதை நம்பி யாரும் வரிசையைக் கலைக்கவில்லை. முன்னால் நின்ற வெள்ளைக் காரின் சொந்தக்காரர் மட்டும் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, வண்டியைப் பூட்டி, சாவியைச் சுழற்றிக்கொண்டே வீட்டுக்குச் சாப்பிடப் போனார். போனவர் தூங்கியும் இருக்க வேண்டும்.

வெயில் ஏற ஏறக் காருக்குள் உட்கார முடியவில்லை. ஏசி போட இன்ஜினைக் கிளப்ப வேண்டும். கண்ணாடியை இறக்கினால் வண்டிக்கு வண்டி வாய் ஓயாத கதை. கம்பெனியைத் திட்டினார்கள், அரசாங்கத்தைத் திட்டினார்கள், அது சலித்ததும் பக்கத்து வண்டிக்காரனைத் திட்டினார்கள். ஒருதரம் தெருமுனையில் பெரிய லாரி ஒன்று திரும்பியதும், "வந்திருச்சு, வந்திருச்சு!" என்று ஆளாளுக்கு அடித்துப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு ஓடினார்கள். கிட்டே வந்ததும் பார்த்தால் தண்ணீர் லாரி. அதன் டிரைவர் கையை வேறு ஆட்டிவிட்டுப் போனான். அவனை எந்த வார்த்தையால் வாழ்த்தினார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

மதியம் தங்கை மறுபடி கூப்பிட்டாள். குரல் கரகரத்தது.

"எங்கேக்கா இருக்கே?"

"வரிசையிலதான். இதோ டேங்கர் வந்துரும். குட்டி என்ன பண்றா?"

"ரெண்டு தடவை பாலைக் கக்கிட்டா. ஜன்னலை எல்லாம் சாத்திட்டேன், அப்படியும் நாத்தம் தலையைப் பிளக்குது. எதிர்வீட்டு அண்ணன் போறப்ப மறுபடியும் வந்து கூப்பிட்டார். எங்க அக்கா வந்துக்கிட்டிருக்கா, நீங்க போங்கன்னு சொல்லிட்டேன்." கொஞ்சம் இருமினாள். "இப்ப இந்தப் பக்கம் யாரையும் காணோம்க்கா. போன்ல சார்ஜ் வேற இல்ல. சுவிட்சைத் தொடக்கூடாதே, எப்படிப் போடறது?"

"நீ பேசாதே, சார்ஜ் போயிரும். ஈரத்துணியை மூக்குல கட்டிக்கோ. குட்டிக்கும் கட்டு. வந்துட்டே இருக்கேன்."

போனை வைத்த பிறகுதான் தான் சொன்னது டீச்சருக்கே உறைத்தது. வந்துகொண்டே இருப்பதாம்! கிடங்கு மதிலை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒருத்தி! பத்து நிமிஷம் கழித்து அவளே கூப்பிட்டாள். போன் அணைந்திருந்தது. மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும் அதே பதில்தான்.

"என்ன சொல்றா?" என்றாள் அத்தை.

"எடுக்கல." டீச்சர் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். "பெட்ரோலும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். போற வரைக்கும் போவோம். வண்டி நின்னா மிச்சத்தை நடக்கிறேன்."

அத்தை, காலையில் அதைத்தானே சொன்னேன் என்று குத்திக்காட்டியிருக்கலாம். சொல்லவில்லை. அத்தை நல்லது சொல்லாமல் விட்ட நாட்கள் உண்டு. குத்தலைச் சொல்லாமல் விட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

ஆனால் வெளியே போவது எப்படி? முன்னால் பூட்டிய வெள்ளைக் கார். பின்னால் லோடு வண்டி, அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வண்டிகள். இடுக்கிலிருந்து காரை எப்படி வெளியே எடுப்பது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் இப்போது முழி பிதுங்கி நின்றாள். முன்னும் பின்னும் ஒரு சாண்கூட இல்லை. பைக்குக்காரர்களிடம் கொஞ்சம் வழி விடச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தாள்.

"நாங்க நகர்ந்தா இடையில எவனாவது பூந்துருவான் மேடம்" என்றான் ஹெல்மெட்டைக் கழற்றாத ஒருவன். "காலைலேர்ந்து நிக்கிறோம்."

"தங்கச்சி கைக்குழந்தையோட மாட்டிக்கிட்டிருக்காப்பா."

"இங்கே எல்லாருக்கும்தான் வீட்டுல கஷ்டம் இருக்கு."

அந்தக் குரலை டீச்சர் எங்கேயோ கேட்டிருந்தாள். ஹெல்மெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "நீ என்கிட்ட கார் ஓட்டக் கத்துக்க வந்து, ரிவர்ஸ்ல விளக்குக் கம்பத்தைச் சாச்சவன்தானே?"

"ஆ… ஆமா டீச்சர்."

"வண்டியை எடு! பின்னாடி பார்த்து எடு! இடது பக்கம் ஒடி… இன்னும் ஒடி… நிறுத்து!"

வகுப்பில் போடுகிற அதே அதட்டல். என்ன செய்கிறோம் என்று யோசிக்கும் முன்பே அவன் கை கால்கள் அதற்குக் கட்டுப்பட்டுவிட்டன. அவன் நகர்ந்ததும் பக்கத்தில் இருந்தவனும் வேறு வழியில்லாமல் நகர்ந்தான். ஒரு கார் போகும் அளவுக்குப் பிளவு விழுந்தது. அப்படியும் காரைத் திருப்ப இடமில்லையே என்று டீச்சர் கையைப் பிசைந்தபோது லோடு வண்டி டிரைவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"சின்னக் கார்தானே, தூக்கி வச்சிரலாம். அட வாங்கப்பா! ஒரு வண்டி கழிஞ்சா நமக்கு ஒரு இடம் முன்னாடிதானே!"

இரக்கத்துக்கு அசையாத தெரு இந்தக் கணக்குக்கு அசைந்தது. எட்டுப் பத்துப் பேர் கூடி, முதலில் காரின் பின்பக்கத்தையும் பிறகு முன்பக்கத்தையும் தூக்கித் தூக்கி வைத்துப் பைக்குகளின் நடுவே திருப்பிவிட்டார்கள். அத்தை இறங்க மறுத்து உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். டீச்சர் சாவியைத் திருப்பியதும், நாள் முழுக்க இன்ஜின் சத்தமே கேட்காத அந்தத் தெரு முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது.

ஊரைத் தாண்டியதும் சாலை வெறிச்சோடிக் கிடந்தது. பெட்ரோல் இல்லாத ஊரில் எதிரே வர யார் இருக்கிறார்கள்? சிக்னல் இல்லை, நெரிசல் இல்லை. டீச்சர் மூன்றாவது கியருக்கு மாற்றினாள், பிறகு நான்காவது, பிறகு ஐந்தாவது. அந்தக் கார் ஐந்தாவது கியரைப் பார்த்தே வருஷக்கணக்காகியிருக்கும். வகுப்பு என்றால் முதல் கியர், இரண்டாவது கியர், நடுவில் பத்து தடவை வண்டியை அணைத்து அணைத்துக் கிளப்புவது. மாணவர்கள் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிற மிதியில் பெட்ரோல் தண்ணீராகக் கொட்டும்.

அவள் கண்கொத்திப் பாம்பாக முள்ளையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள். இதோ சிவப்பில் இறங்கப்போகிறது, இதோ இறங்கப்போகிறது என்று ஒவ்வொரு வளைவிலும் எதிர்பார்த்தாள். பாதித் தூரம் வந்தாயிற்று. முள் ஒரு நூல்தான் இறங்கியிருந்தது. கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தாள். முள் லேசாக ஆடிவிட்டு அங்கேயே வந்து நின்றது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கார் வேகம் குறைந்து ஊர்ந்தது.

"என்ன, ஒரு மாதிரி ஆயிட்டே? தீர்ந்துருச்சா?" என்றாள் அத்தை.

"தீரல அத்தை. தீரவே இல்ல." "மைதானத்துல ரெண்டாவது கியர்ல உருட்டுற கணக்கை வச்சுப் பத்தாதுன்னு நினைச்சுட்டேன். இந்த மாதிரி ரோட்டுல இதை வச்சுக்கிட்டுப் போய்ட்டுத் திரும்பியே வந்திருக்கலாம். காலையிலேயே வந்திருக்கலாம்."

அத்தை முள்ளைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குடியிருப்புக்கு முன்னாலேயே மேட்டில் சாலையை மறித்திருந்தார்கள். காற்றில் நாற்றம் மூக்கைத் துளைத்தது. மறிப்புக்கு அருகே ஒரு ஆம்புலன்ஸ் பின்கதவைத் திறந்தபடி நின்றது. உள்ளே தொங்கிக்கொண்டிருந்த ஒரு மாவுக்கட்டுக் காலைத்தான் டீச்சர் முதலில் பார்த்தாள். அந்தக் கால் அசையவில்லை. காரிலிருந்து இறங்கி அவள் எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது.

தங்கை கண்ணைத் திறந்தாள். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. "வந்துட்டியாக்கா" என்று மட்டும் சொன்னாள். பக்கத்தில், துண்டில் சுற்றிய குழந்தையின் மூக்கில் சின்ன மாஸ்க் வைத்திருந்தார்கள். அது கண்ணை மூடி, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கிடந்தது.

விஷயத்தைச் சொன்னவள் நர்ஸ்தான். தீயணைப்பு ஆட்கள் கடைசியாக ஒரு தரம் வீடு வீடாகக் கதவைத் தட்டிப் பார்த்தபோது, குளியலறைக்குள் ஈரப் போர்வையைக் கதவிடுக்கில் திணித்துக்கொண்டு தாயும் பிள்ளையும் கிடந்தார்களாம். "மூச்சு சீரா இருக்கு. ஆனா புள்ளை அழவே மாட்டேங்குது, அதான் கவலை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். எங்க வண்டியில இருக்கிற டீசல் ஒரு நடைக்குத்தான் வரும். வாய்க்கால்ல இறங்கின ஒருத்தர் இதைவிட மோசமா இருக்கார், அவரைத் தூக்கிட்டு வர்ற வரைக்கும் எங்க வண்டி நிக்கணும். உங்க கார்ல எண்ணெய் இருக்கா?"

"இருக்கு" என்றாள் டீச்சர்.

தங்கையைத் தூக்கிப் பின் சீட்டில் தலையணைகள் நடுவே சாய்த்துவைத்தார்கள். குழந்தையை அவள் மார்போடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். டீச்சர் மெதுவாகத்தான் ஓட்டினாள்.

"பெட்ரோல் கிடைச்சுதாக்கா?" என்றாள் தங்கை பின்னாலிருந்து.

டீச்சர் பதில் சொல்வதற்குள் அத்தை முந்திக்கொண்டாள். "எங்கே கிடைச்சுது! நாள் பூரா நின்னதுதான் மிச்சம். கடைசியில ஒரு புண்ணியவான், லோடு வண்டி ஓட்டுறவன், பாட்டில்ல வச்சிருந்ததை ஊத்திக் கொடுத்தான். அவன் மட்டும் இல்லேன்னா இப்பவும் அங்கேதான் நின்னுக்கிட்டிருப்போம்."

அத்தை இவ்வளவு கூசாமல் பொய் சொல்வாள் என்று டீச்சருக்கு அன்றுவரை தெரியாது.

"அவர் நல்லா இருக்கட்டும்" என்றாள் தங்கை. கரகரத்த குரல் இன்னும் இறங்கியது. "நான் வேற, அக்கா ஏன் இன்னும் வரலைன்னு மனசுக்குள்ள உன்னைத் திட்டிக்கிட்டே கிடந்தேன். நீ என்ன பாடு பட்டியோ, பாவம். மன்னிச்சுடுக்கா."

டீச்சருக்கு அதைத் தாங்க முடியவில்லை. "இல்லடி. யாரும் எதுவும் ஊத்தல. இருந்த பெட்ரோலே காலையில—"

கார் படாரென்று நின்றது. இன்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. பின்னால் தலையணை ஒன்று உருண்டது. குலுக்கலில் விழித்த குழந்தை, வாயை அகலத் திறந்து, வீறிட்டு அழ ஆரம்பித்தது.

"அழறாக்கா! குட்டி அழறா!" தங்கையும் கூடச் சேர்ந்து அழுதாள். "மத்தியானத்துலேர்ந்து அழவே இல்லக்கா. இப்ப அழறா பாரு!"

"நாய் ஒண்ணு குறுக்க வந்துச்சும்மா, அதான்" என்றாள் அத்தை.

ரோட்டில் நாயும் இல்லை, பேயும் இல்லை. டீச்சர் குனிந்து பார்த்தாள். அத்தையின் வலது கால் பிரேக்கின் மேல் இருந்தது. காலையில் போலப் பயந்து மிதித்த கால் இல்லை அது. அசையாமல், அழுத்தமாக இருந்தது.

"காலை எடுங்க அத்தை" என்றாள், பின்னால் கேட்காத குரலில்.

"அவ உடம்பு தேறட்டும். அதுக்கப்புறம் உன் இஷ்டம். அதுவரைக்கும் இந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்னு சொல்லு, எடுக்கிறேன்."

"எப்படி அத்தை சொல்லாம இருக்க முடியும்?"

"கஷ்டம்தான். கஷ்டப்படு."

பின்னால் குழந்தை தொண்டை கிழிய அழுதுகொண்டிருந்தது. டீச்சர் சாவியைத் திருப்பினாள். முள் எழுந்து, சிவப்புக் கோட்டுக்கு மேலே, காலையில் நின்ற இடத்துக்குக் கொஞ்சம்தான் கீழே வந்து நின்றது.

"சரி" என்றாள்.

அத்தை காலை எடுத்தாள். டீச்சர் முதல் கியரைப் போட்டு வண்டியைக் கிளப்பினாள்.